கால் லிட்டர் கணக்கு

1954-ஆம் ஆண்டு மார்ச் 26. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை அரங்கு ஒன்றில் இரண்டு மேசைகளை அருகருகே போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு வயது தாண்டிய ஆண் குழந்தை. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. அடுத்த மேசையில் அவனுடைய அப்பா. அப்பாவின் தொடைத் தமனியிலிருந்து வந்த ரத்தம் ஒரு சிறு பம்ப் வழியாகக் குழந்தைக்குள் போனது. குழந்தையின் அசுத்த ரத்தம் அப்பாவின் சிரைக்குள் திரும்பியது. குழந்தையின் இதயம் திறந்திருந்த நேரம் முழுக்க அப்பாவின் இதயமும் நுரையீரலும் இரண்டு உடம்புக்கும் சேர்த்து உழைத்தன.

அந்த ஓட்டையை மூடியவர் வால்டன் லில்லஹை. அறுவை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் பதினோராம் நாள் நிமோனியாவில் குழந்தை இறந்துபோனது. லில்லஹை விடவில்லை. மறு ஆண்டு ஜூலைக்குள் இதே முறையில் 45 பேருக்கு அறுவை செய்தார். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மேசையில் படுத்த ஒரு தாய்க்கு ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்து மூளை பாதிக்கப்பட்டது. ஒரு குழந்தைக்காக இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கும் ஏற்பாடு அது. நம்பகமான இயந்திரம் கைக்கு வந்ததும் எல்லோரும் இயந்திரத்துக்கு மாறிவிட்டார்கள். மாறியது சரிதான்.

ஆனால் அந்த முறையில் இருந்த ஒரு நன்மையை இயந்திரத்தால் கொடுக்க முடியவில்லை. அப்பாவிடமிருந்து வந்தது முழுமையான, புதிய, உறைதல் புரதங்கள் குறையாத ரத்தம். குழந்தையின் ரத்தத்தை அது நீர்க்கச் செய்யவில்லை. இயந்திரம் முதலில் செய்ததே அதுதான். குழந்தைகளின் இதய அறுவையில் ரத்தத்தை மிச்சப்படுத்துவது என்ற எழுபது ஆண்டு முயற்சியில் பெரும்பகுதி, அந்த நீர்த்தலைக் குறைக்க நடந்த முயற்சி என்றே நான் பார்க்கிறேன். கத்தி பட்டு வழியும் ரத்தம் எல்லோர் கண்ணிலும் படும். குழாய்களுக்குள் நடக்கும் இழப்பு படாது.

எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பிறந்த குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 85 மி.லி. ரத்தம் இருக்கும். மூன்று கிலோ குழந்தை என்றால் சுமார் 250 மி.லி. ஒரு பெரிய டம்ளர் அளவு. அறுபது கிலோ எடையுள்ள பெரியவரின் உடம்பில் நாலு லிட்டருக்கும் மேல். பெரியவருக்கு அறுவையின்போது 50 மி.லி. போனால் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு அதே 50 மி.லி. உடம்பின் மொத்த ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டுமானால், அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியிலிருந்து ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் பதினெட்டு வயதுப் பெண் ஒருவருக்கு இதை வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். உடம்பிலிருந்து வரும் ரத்தம் ஒரு தொட்டியில் சேர்ந்து, ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர் வழியாகப் போய், பம்ப் தள்ள, மகாதமனிக்குத் திரும்பும். இந்தப் பாதை முழுவதும் காற்றில்லாமல் ஏதாவது ஒரு திரவத்தால் முன்கூட்டியே நிரம்பியிருக்க வேண்டும். ஒரு குமிழி மூளைக்குப் போனாலும் போதும், காரியம் கெட்டுவிடும். இப்படி முதலில் நிரப்பும் திரவத்தை அரங்கில் 'ப்ரைம்' என்பார்கள்.

பெரியவருக்கு ஒன்றேகால் லிட்டர் ப்ரைம் சேர்ந்தாலும் நாலு லிட்டர் ரத்தத்தில் அது அடங்கிவிடும். குழந்தைக்கு? ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதற்கு ஹிமட்டோக்ரிட் என்று பெயர். நம் மூன்று கிலோ குழந்தைக்கு அது 45 என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தை நிரப்ப 500 மி.லி. உப்புக்கரைசல் ஊற்றினால், குழாயைத் திறந்த சில நிமிடங்களில் ஹிமட்டோக்ரிட் 15-க்கு இறங்கிவிடும். 200 மி.லி. என்றால் 25. 100 மி.லி. என்றால் 32. ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுவதற்கு முன்பே இத்தனையும் நடந்து முடிந்துவிடும். நீர்ப்பது சிவப்பணு மட்டுமில்லை. தட்டணுக்களும், ஃபைப்ரினோஜென் முதலான உறைதல் புரதங்களும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். பிறகு தையல் போட்ட இடங்களில் கசிவு நிற்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

ஐம்பதுகளில் இந்தச் சிக்கலை ரத்தத்தை ஊற்றியே தீர்த்தார்கள். அன்று காலையில் கொடையாளிகளை வரிசையில் நிறுத்தி எடுத்த புது ரத்தம் பல யூனிட் இயந்திரத்துக்குள் போகும். எல்லோரும் ஒரே ரத்த வகையாக இருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அறுவை தள்ளிப்போகும். 1960-இல் ஓக்லஹோமா நகரில் நாசிஹ் சூடி, ரத்தத்துக்குப் பதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை நிரப்பி, உடம்பைக் குளிர்வித்து அறுவை செய்தார். ஓரளவு நீர்த்த ரத்தம் குளிர்ந்த உடம்பில் தடையின்றி ஓடுகிறது, அதனால் தீங்கு இல்லை என்று தெரிந்தது. ஹூஸ்டனில் டென்டன் கூலி இதைக் கையில் எடுத்துக்கொண்டு, ரத்தம் ஏற்றிக்கொள்ள மத நம்பிக்கையால் மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளுக்கும் இதய அறுவை செய்யத் தொடங்கினார். 1977-இல் அவருடைய குழு வெளியிட்ட அறிக்கையில் அப்படிப்பட்ட 542 பேர் இருந்தார்கள். பிறந்து ஒரு நாளான சிசு முதல் 89 வயதுக்காரர் வரை. மருத்துவ உலகம் அதுவரை 'முடியாது' என்று சொல்லிவந்த ஒன்றை, மறுத்தவர்களின் பிடிவாதம் முடிய வைத்தது.

நீர்த்தல் எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுமையாக விடை தேடினார்கள். ரிச்சர்ட் ஜோனஸ் குழுவினர் இயந்திரத்தில் இருக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஹிமட்டோக்ரிட்டை 20-ஐ ஒட்டியும், மற்றவர்களுக்கு 30-ஐ ஒட்டியும் வைத்தார்கள். ஒரு வயது முடிந்ததும் அதே குழந்தைகளை வரவழைத்து, உட்காருவது, நடப்பது, பொருளைப் பிடிப்பது போன்ற திறன்களைச் சோதித்தார்கள். ரத்தம் அதிகம் நீர்த்த குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவு அது. அடுத்த சோதனையில் 25-க்கும் 35-க்கும் இடையே ஒப்பிட்டபோது அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இருபதுகளின் நடுப்பகுதிக்குக் கீழே விடாதே என்ற வரம்பு உருவானது. ரத்தம் ஏற்றாமல் இருப்பதே குறிக்கோள் என்று ஹிமட்டோக்ரிட்டை இஷ்டத்துக்கு இறக்கிவிட முடியாது. அதற்கான விலையைக் குழந்தையின் மூளை கொடுக்கும்.

அப்படியானால் மிச்சமிருக்கும் வழி இயந்திரத்தைச் சிறிதாக்குவது. இந்தத் துறையின் மிக அழகான வேலை இங்கேதான் நடந்தது. அதைச் செய்தவர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர்; பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று அழைக்கப்படும் இயந்திர நிபுணர்கள். அறுவை முடிந்து பெற்றோர் நன்றி சொல்லும் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதே அரிது.

கால் அங்குல உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 32 மி.லி. திரவம் பிடிக்கும். 3/16 அங்குலக் குழாய் 18 மி.லி. 1/8 அங்குலம் என்றால் 8 மி.லி.தான். விட்டம் பாதியானால் கொள்ளளவு நாலில் ஒன்றாகிவிடுகிறது, பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் குழாய் ஒடுங்கினால் ரத்தம் அதில் எளிதில் ஓடாது. வழக்கமாக உடம்பிலிருந்து வரும் ரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கித் தொட்டியில் சேரும். அதற்காகத் தொட்டியைத் தாழ்வாக வைத்து, நீளமான குழாய் போட வேண்டியிருந்தது. தொட்டிக்குள் மிதமான வெற்றிடம் உண்டாக்கினால் ரத்தத்தை இழுத்துக்கொள்ளலாம் என்று வந்த பிறகு, தொட்டியை மேசை உயரத்துக்கு ஏற்ற முடிந்தது. இயந்திரம் குழந்தையின் பக்கத்தில் வந்து நின்றது. மீட்டர் கணக்கில் குழாய் மிச்சமானது. வெற்றிடத்தைக் கூட்டினால் காற்றுக்குமிழி உள்ளே வரும், சிவப்பணுக்கள் உடையும் என்பதால் அதற்கும் ஓர் எல்லை வைத்தார்கள்.

ஆக்சிஜனேட்டரும் சுருங்கியது. சிசுக்களுக்கென்றே வந்த சில கருவிகள் வெறும் 31 மி.லி., 43 மி.லி. திரவத்தில் நிரம்பிவிடுகின்றன. பெர்லினில் இருக்கும் ஜெர்மன் இதய மையத்தில் வொல்ஃப்காங் போட்சர் போன்ற பெர்ஃப்யூஷனிஸ்டுகள் மொத்தச் சுற்றையும் சுமார் 100 மி.லி.க்குக் கொண்டுவந்து, பிறந்த சில நாட்களேயான குழந்தைகள் சிலருக்கு அடுத்தவர் ரத்தம் ஒரு துளியும் இல்லாமல் அறுவையை முடித்துக்காட்டினார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது சாத்தியமில்லை. சிக்கலான அறுவைகளில் இன்றும் ரத்தம் சேர்த்துத்தான் இயந்திரத்தை நிரப்புகிறார்கள். ஆனால் மூன்று யூனிட் போன இடத்தில் ஒரு யூனிட்டின் ஒரு பகுதி போதும் என்றாகியிருக்கிறது. ஒரு புது மருந்து வந்தால் கிடைக்கும் பேச்சும் பரிசும் இந்தக் குழாய் வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

நீர்த்துப்போன ரத்தத்தைத் திரும்பக் கெட்டியாக்கவும் ஒரு வழி கண்டார்கள். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மார்ட்டின் எலியட்டும் அவருடைய சகாக்களும் 1991-இல் எழுதிய முறை அது. அறுவை முடிந்து இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிய பிறகு குழாய்களை உடனே பிடுங்கிவிடாமல், மகாதமனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை எடுத்து ஒரு வடிகட்டி வழியாகச் செலுத்தி வலது மேலறைக்குத் திருப்பி விடுகிறார்கள். டயாலிசிஸில் நடப்பதைப் போல உபரி நீர் வெளியேறிவிடும். அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹிமட்டோக்ரிட் ஏறுகிறது, உறைதல் புரதங்களின் செறிவு கூடுகிறது, வீங்கிய இதயத்தில் நீர் வற்றி அது தெம்பாகத் துடிக்கிறது. அறுவை மருத்துவருக்கு அந்தக் கால் மணி நேரம் நீளமாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்வதில் பலன் உண்டு.

இனி உறைதல். ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டால் உறையும். இயந்திரத்துக்குள் உறைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அதனால் முதலில் ஹெபாரின் கொடுத்து உறைதலை முழுவதும் நிறுத்துகிறார்கள். பன்றியின் குடலிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்படும் பொருள் அது. கடைசியில் புரோட்டமின் கொடுத்து அதை முறிக்கிறார்கள். இது முதலில் சால்மன் மீனின் விந்திலிருந்து கிடைத்தது. மனிதக் குழந்தையின் நெஞ்சைத் திறந்து மூட பன்றியும் மீனும் துணை நிற்கின்றன.

இங்கே சிசுக்களுக்கு இரண்டு சிக்கல் உண்டு. ஹெபாரின் தனியாக வேலை செய்யாது. ரத்தத்திலுள்ள ஆன்டித்ரோம்பின் என்ற புரதத்தின் மூலமாகவே செய்யும். சிசுவிடம் அது பெரியவர்களைப்போல் பாதி அளவே இருக்கும். எனவே கிலோவுக்கு இத்தனை யூனிட் என்ற பெரியவர்களின் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. முறிக்கும்போது புரோட்டமின் அதிகமானால் அதுவே ரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஆகையால் உடம்பில் ஹெபாரின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ற அளவில் புரோட்டமின் கொடுப்பதே சிறுவர்களுக்குப் பாதுகாப்பானது.

சிசுவின் உறைதல் அமைப்பைப் பொறுமையாக அளந்து எழுதியவர் கனடாவின் மாரீன் ஆண்ட்ரூ. 1980களின் பிற்பகுதியில் வந்த அவருடைய ஆய்வுகளிலிருந்து தெரிந்தது இது: வைட்டமின் கே சார்ந்த உறைதல் புரதங்கள் பிறக்கும்போது பெரியவர்களிடம் இருப்பதில் பாதியே இருக்கின்றன, பல மாதங்களில்தான் ஏறுகின்றன. ஆனால் உறைதலைத் தடுக்கும் புரதங்களும் அதேபோல் குறைவு. அதனால் நலமான சிசுவுக்கு ரத்தம் கசிவதில்லை. தராசின் இரு தட்டும் தாழ்ந்திருந்தாலும் சமநிலை இருக்கிறது. இயந்திரத்தில் ஏறி எல்லாம் நீர்த்துப்போகும்போதுதான் அந்தச் சமநிலை குலைகிறது.

இதயக் குறையால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்திருக்கும் 'நீலக் குழந்தைகளின்' நிலை இன்னும் கடினம். ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட அவர்கள் உடம்பு சிவப்பணுக்களைக் குவித்துக்கொண்டே போகும். ஹிமட்டோக்ரிட் 60-ஐத் தாண்டும். பார்த்தால் ரத்தம் ஏராளமாக இருப்பதுபோல் தெரியும். உண்மையில் பிளாஸ்மாவின் பங்கு சுருங்கிவிட்டது, தட்டணுக்களின் வேலைத்திறன் குறைந்துவிட்டது. அறுவையில் அதிகம் கசிவது இவர்களுக்குத்தான். ஆய்வகத்திலும் இவர்களின் ரத்தம் ஏமாற்றும். உறைதல் சோதனைக் குழாயில் முன்பே வைத்திருக்கும் சிட்ரேட், பிளாஸ்மா குறைந்த இந்த ரத்தத்துக்கு அதிகமாகிவிடும். அளவைக் குறைக்காமல் சோதித்தால் இல்லாத குறை இருப்பதாக முடிவு வரும். அதை நம்பித் தேவையில்லாமல் பிளாஸ்மா ஏற்றவும் நேரலாம்.

உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்க உடம்பில் பிளாஸ்மின் என்ற நொதி இருக்கிறது. இயந்திரத்தில் ஓடிய ரத்தத்தில் அது அளவுக்கு மீறி வேலை செய்யும். தையல் போட்ட இடத்தில் உருவாகும் கட்டியைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் மருந்து டிரானெக்சாமிக் அமிலம். அதைக் கண்டுபிடித்த உதாகோ ஒகமோட்டோவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1918-இல் டோக்கியோவில் பிறந்தவர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய் இறந்த பெண்களுக்காக ஒரு மருந்து வேண்டும் என்று கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து உழைத்தார். ஆய்வகத்தில் பெண் என்பதற்காகப் பட்ட அவமானங்களைப் பற்றிப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். முதலில் எப்சிலான் அமினோகப்ராயிக் அமிலத்தைக் கண்டார்கள். பிறகு, 1962-இல், அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றி எழுதினார்கள். விலை மலிவு, வைத்திருப்பது எளிது. தன் மருந்தைப் பிரசவ ரத்தப்போக்கில் சோதிக்க உலகம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டதை அவர் பார்த்தார். இருபதாயிரம் தாய்மார்களிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது 2017-இல். அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இதயம் திறக்கப்படும் குழந்தைகளுக்கு அந்த மருந்து பயன்படுகிறது. நீலக் குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுவதாக 1990களில் டொரொன்டோவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அதிக அளவில் கொடுத்தால் வலிப்பு வரும். மூளையை அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளை இந்த மருந்து தடுப்பதுதான் காரணம். சிறுநீரகம் முதிராத சிசுவின் உடம்பில் அது நீண்ட நேரம் தங்கும். எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படி இருப்பது நல்லதில்லை.

மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த அப்ரோட்டினின் என்ற இன்னொரு மருந்தின் கதை வேறு மாதிரி. 1987-இல் லண்டனிலிருந்து டேவிட் ராய்ஸ்டன் குழுவினர் அது ரத்த இழப்பை வெகுவாகக் குறைப்பதாக எழுதியதும் உலகம் முழுக்கப் பரவியது. 2006-இல் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை வந்தது. கனடாவில் பெரியவர்களிடம் நடந்த சோதனை, இறப்புகள் கூடுவதாகத் தெரிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்டது. 2007 நவம்பரில் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஐரோப்பாவில் 2012-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இத்தனை விவாதமும் நடந்தது பெரியவர்களின் இதயத்தை வைத்து. குழந்தைகளுக்கான தீர்ப்பு அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தை மருத்துவத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் கசிவு நிற்காவிட்டால் எதை ஏற்றுவது? புது முழு ரத்தமே சிறந்தது என்று அறுவை அரங்குகளில் நெடுநாள் நம்பிக்கை. 1991-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆய்வு அதற்கு ஓரளவு ஆதரவாக இருந்தது: இரண்டு வயதுக்குட்பட்ட, சிக்கலான அறுவை நடந்த குழந்தைகளுக்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த முழு ரத்தம் கொடுத்தபோது இழப்பு குறைந்தது. 2004-இல் டல்லஸில் 200 சிசுக்களிடம் வேறொரு கேள்வி கேட்டார்கள். இயந்திரத்தை நிரப்பப் புது முழு ரத்தம் நல்லதா, சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் தனித்தனியாகச் சேர்த்துக் கலந்தது நல்லதா? முழு ரத்தம் பெற்றவர்கள்தான் ஐ.சி.யூ.வில் அதிக நேரம் தங்கினார்கள். புது ரத்தத்துக்காகக் கொடையாளிகளைத் தேடி அலையும் பழக்கம் அதன் பிறகு பல இடங்களில் குறைந்தது.

இன்று முடிந்த இடங்களில், எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்கப் பார்க்கிறார்கள். 1948-இல் ஹைடல்பர்க்கில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் செய்த ஒரு கருவியின் வாரிசுகள் இதற்கு உதவுகின்றன. சிறிது ரத்தத்தை ஒரு கிண்ணத்தில் உறைய விட்டு, கட்டி எப்போது தொடங்குகிறது, எவ்வளவு உறுதியாகிறது, எப்போது கரைகிறது என்பதை ஒரு கோடாக வரைந்துகாட்டும். பத்து நிமிடத்தில் முதல் விவரம் கிடைத்துவிடும். கட்டி மெலிந்திருந்தால் ஃபைப்ரினோஜென் குறைவா, தட்டணு குறைவா என்று பிரித்தறியலாம். ஃபைப்ரினோஜென் என்றால் கிரையோபிரெசிபிடேட் என்ற செறிந்த பொருள் சிறிய அளவிலேயே போதும். கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்மா பைகளை ஏற்றினால் அது மறுபடியும் சிவப்பணுக்களை நீர்க்கச் செய்யும். பிறகு அதற்கு ஒரு பை, அதற்குப் பிறகு இன்னொரு பை என்று தொடரும்.

குளிரையும் மறக்கக் கூடாது. சிக்கலான அறுவைகளில் உடம்பை 18 டிகிரி வரைகூடக் குளிர்விப்பார்கள். உறைதல் நொதிகளும் தட்டணுக்களும் குளிரில் மந்தமாகிவிடும். உள்ளும் புறமும் சரியாகச் சூடேறாமல் இயந்திரத்திலிருந்து இறக்கினால் எத்தனை மருந்து கொடுத்தாலும் கசியும்.

ஐ.சி.யூ.வுக்கு வந்த பிறகு செவிலியரின் கண் நெஞ்சிலிருந்து வரும் வடிகுழாயில் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மி.லி.க்கு மேல் போனால், அல்லது தொடர்ந்து சில மணி நேரம் 5 மி.லி. வீதம் போய்க்கொண்டே இருந்தால், மறுபடியும் நெஞ்சைத் திறந்து பார்ப்பது பற்றி யோசிப்பார்கள். திடீரென்று ஒன்றுமே வராமல் நின்றுபோனால் நிம்மதி அடையக் கூடாது. குழாய் அடைத்துக்கொண்டு ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெரிக்கத் தொடங்கியிருக்கலாம். குழாயை அவ்வப்போது நீவிவிட்டுக்கொண்டே இருக்கும் அந்தக் கை, அறுவை மருத்துவரின் கைக்குக் குறைந்ததில்லை.

சோதனைக்காக எடுக்கும் ரத்தமும் இழப்புதான். மூன்று கிலோ குழந்தையிடமிருந்து எடுக்கும் 2 மி.லி., பெரியவரிடமிருந்து 30 மி.லி.க்கு மேல் எடுப்பதற்குச் சமம். ஒரு நாளில் பத்து முறை எடுத்தால் உடம்பின் ரத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆய்வகத்துக்குப் போய்விடுகிறது. சிறிய சோதனைக் குழாய்கள், தமனிக் குழாயிலிருந்து முதலில் வரும் ரத்தத்தைக் கொட்டாமல் திரும்ப உள்ளே விடுவது, வழக்கத்துக்காக எழுதும் சோதனைகளை நிறுத்துவது ஆகியவற்றுக்குப் பணம் அதிகம் ஆகாது. பெரிய மருத்துவமனை, சிறிய மருத்துவமனை என்ற பேதமும் இதற்கு இல்லை. யாராவது ஒருவர் பிடிவாதமாக இருந்தால் போதும்.

எப்போது ஏற்றலாம் என்பதிலும் பழைய பழக்கம் தளர்ந்திருக்கிறது. மாண்ட்ரியாலைச் சேர்ந்த ழாக் லாக்ருவா தலைமையில் 2007-இல் வந்த ஆய்வில், ஐ.சி.யூ.வில் நிலையாக இருந்த 637 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின் 9.5-க்குக் கீழே போனால் ரத்தம், மறுபாதிக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம். இரண்டு தரப்புக்கும் உறுப்புகள் செயலிழப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவது தரப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தமே தேவைப்படவில்லை. நீலக் குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. ஆக்சிஜன் குறைந்த அவர்களின் உடம்புக்கு அதிக ஹீமோகுளோபின் வேண்டும் என்பதால் 7 என்ற எண்ணை அவர்கள்மேல் திணிக்க முடியாது.

ரத்தம் உயிர் காக்கும் பொருள்தானே, ஏற்றினால் என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயம். தேவைப்படும்போது அதற்கு மாற்று இல்லை. கொடையாளி ஒவ்வொருவரும் வணக்கத்துக்குரியவர். ஆனால் ஒவ்வொரு பையும் இன்னொரு மனிதரின் அடையாளத்தைக் குழந்தையின் உடம்புக்குள் கொண்டுவருகிறது; அந்த அடையாளங்களுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். ஒற்றைக் கீழறையோடு பிறந்த குழந்தைகள் மூன்று கட்ட அறுவை தாண்டி வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு வளர்ந்தபின் மாற்று இதயம் தேவைப்படலாம். அப்போது ஏற்கெனவே உண்டான எதிர்ப்பொருள்கள் பொருத்தமான இதயம் கிடைப்பதை அரிதாக்கிவிடும். ஒரே கொடையாளியின் ஒரு பையைச் சிறு பைகளாகப் பிரித்து ஒரே குழந்தைக்கு வைத்துக்கொள்வதன் அவசியம் இங்கே புரியும். வெகுநாள் வைத்திருந்த சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்திருக்கும் என்பதால், சிசுவின் இயந்திரத்தை நிரப்ப முடிந்தவரை புதியதைக் கேட்பார்கள்; இல்லையென்றால் கழுவிக் கொடுப்பார்கள்.

அரங்குக்கு வெளியே தொடங்கும் ஒரு வேலையைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேச வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தை பால் குடிக்கவே மூச்சு வாங்கும். எடை ஏறாது, இரும்புச் சத்தும் குறையும். ஹீமோகுளோபின் 8-ஓடு மேசைக்கு வரும் குழந்தைக்கு, 100 மி.லி. சுற்றுப்பாதை இருந்தாலும் ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். 12-ஓடு வந்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நீலக் குழந்தையிடம் இது இன்னும் மறைவாக நடக்கும். அறிக்கையில் ஹீமோகுளோபின் 16 என்று இருக்கும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு வேண்டியது 18-ஆக இருக்கலாம். இரும்பு இல்லாமல் சிவப்பணுக்கள் சிறுத்துப்போயிருக்கலாம். ஹீமோகுளோபின் எண்ணுக்குப் பக்கத்திலேயே சிவப்பணுவின் சராசரி அளவும் அச்சாகியிருக்கும். அதையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கான மருந்து விலை குறைந்த இரும்புச் சொட்டு மருந்து. அது சிவப்பணுவாக மாற வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். அவசரமில்லாத அறுவைகளில், காப்பீட்டு அனுமதிக்கும் படுக்கைக்கும் தேதிக்கும் குடும்பங்கள் காத்திருக்கும் காலம் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே இரும்பைத் தொடங்க வேண்டிய நாள் அட்மிஷன் நாள் கிடையாது. எக்கோ பார்த்து அறுவை தேவை என்று முடிவான நாள். அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் பெற்றோரும் கேட்கலாம்.